வண்டு பிடித்த சுருதி

எதையும் கேட்காமல் இருப்பதற்கு அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சின்னக் குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் நிலையம் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கருவியின் முன் உட்கார்ந்து ஒலிகளை அனுப்புபவர் மேடம். இந்தப் பக்கம், சத்தம் புகாத சின்ன அறையில், குழந்தையின் எதிரே தரையில் உட்கார்ந்திருப்பவள் அவள். ஒலி வரும்போது பெரியவர்கள் யாராவது புருவத்தை அசைத்தால்கூடப் போதும், குழந்தை அதைப் பார்த்துத் திரும்பிவிடும். கேட்டுத் திரும்பியதா, பார்த்துத் திரும்பியதா என்று பிறகு யாருக்கும் தெரியாது. அதனால் அவளும் குழந்தையின் அப்பா அம்மாவும் பெரிய ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ள வேண்டும். அதில் அடைமழை மாதிரி ஒரு 'ஷ்ஷ்ஷ்' ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மழைக்குள் உட்கார்ந்துகொண்டு, பொம்மைகளைக் காட்டி, குழந்தையைத் துள்ளவும் விடாமல் தூங்கவும் விடாமல் நடுவாந்திரமாக வைத்திருப்பதுதான் அவள் வேலை.

நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. மேடம் அவளுக்குப் பூனை என்று பேர் வைத்திருந்தார். "நீ வந்ததும் தெரியல, போனதும் தெரியல" என்பார். அது பாராட்டா திட்டா என்று கேட்கும் தைரியம் அவளுக்கு இன்னும் வரவில்லை.

அன்று காலை முதல் குழந்தை வண்டு.

பிறந்தபோது வைத்த பேர் வேறு ஏதோ இருந்தது. ஆனால் மூன்றரை வயதாகியும் பேச்சு வராமல், உதட்டை மூடிக்கொண்டு "ம்ம்ம்ம்ம்" என்று எந்நேரமும் முனகிக்கொண்டே இருந்ததால் வீட்டில் வண்டு என்றே ஆகிவிட்டது. அம்மா சலவைக் கடையில் வேலை செய்கிறவர். துணி உலர்த்தும் பெரிய மெஷின் ஓடும்போது வண்டு அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு முனகுவாள், மெஷின் நின்றால் நிறுத்திவிடுவாள். கேட்டு அல்ல, நெற்றியில் அதிர்வு படுவதால் என்று எல்லோரும் நினைத்தார்கள். மேடமும் அப்படித்தான் நினைத்தார்.

அப்பா மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர். அவர் நிலையத்துக்குள் நுழைந்து "வணக்கம் டாக்டரம்மா!" என்றபோது வரவேற்பறையில் இருந்தவர்கள் மொத்தமாகத் திரும்பினார்கள். அவர் இடுப்பிலிருந்த மகள் மட்டும் திரும்பவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் அப்பா, ஏதோ சாட்சி சொல்வதுபோல. "சந்தையே திரும்புது. இவ திரும்பல. இன்னைக்கு அந்தக் காது மெஷின மாட்டினதும் முதல்ல என் குரல்தான் இவ காதுல விழணும். அப்புறம்தான் வேற யாரும் பேசணும். இப்பவே சொல்லிட்டேன்."

"முதல்ல எங்க விழறது? மூணு வருஷமா தெருக்கோடி வரைக்கும் அதுதானே விழுது" என்றார் அம்மா.

"நீ சும்மா இரு. பேசப்போறதக்கூட மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் புதுச் சட்டை போட்டிருந்தார். ஈரச் சந்தைக்குள் நின்று நின்று வெளுத்துப்போன கைகளை அடிக்கடி அந்தச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இன்னொரு டாக்டர் வண்டுவைப் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்று சொல்லியிருந்தார். கூடவே, எதற்கும் முதலில் காதைப் பாருங்கள் என்றும் சொல்லியிருந்தார். அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் அப்பா பிடித்துக்கொண்டார். காது கேட்காத பிள்ளை எப்படித் திரும்பும், எப்படிப் பேசும்? மெஷின் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும். இதுவரை இங்கே செய்த சோதனைகளில் எவ்வளவு சத்தமாக அனுப்பினாலும் வண்டு தலையைத் திருப்பவில்லை. காதுக்குள் குட்டி மைக்கை வைத்துச் செய்யும் சோதனையை அவள் முனகலே மூழ்கடித்தது. தூங்க வைத்துச் செய்யும் சோதனைக்கு வயரை ஒட்டப்போனால் விழித்துக்கொண்டாள். மருந்து கொடுத்துத் தூங்க வைக்கலாமென்றால் அவளுக்கு முன்பு வலிப்பு வந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டரை வைத்துத்தான் செய்ய முடியும். அங்கே முறை வர மாதக்கணக்காகும். அதுவரை சும்மா விட்டால் பேச்சு வரவேண்டிய வயது ஓடிப்போகும் என்று மேடம் யோசித்தார். யோசித்ததில் தப்பில்லை. ஆகவே இன்று கடைசியாக ஒருமுறை சோதிப்பது, வழக்கம்போல எதுவும் வரவில்லையென்றால் கேட்கும் கருவியை இன்றே மாட்டுவது. பலமான கருவி. இடிச் சத்தமே எட்டாத காதுக்கென்று அளவு வைத்தது.

கதவை மூடினார்கள். அம்மா மடியில் வண்டு. மூலை நாற்காலியில் அப்பா. மூன்று பெரிய தலைகளிலும் ஹெட்ஃபோன். அவள் மழைக்குள் போனாள்.

வண்டு முனகிக்கொண்டிருந்தாள். ஹெட்ஃபோனுக்குள் இருந்தவளுக்கு அது கேட்கவில்லை, கண்ணுக்குத் தெரிந்தது. மூடிய உதடு, லேசாக விரிந்த மூக்கு, தொண்டையில் ஒரு சின்னத் துடிப்பு. மர வளையங்களைக் கொடுத்தாள். வண்டு அவற்றை அடுக்கவில்லை. மடியிலிருந்து இறங்கி ஒன்றைத் தரையில் சுழலவிட்டு அது சாய்ந்து விழும்வரை கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தாள். பக்கத்துச் சுவரில் ஒரு கறுப்புக் கண்ணாடிப் பெட்டிக்குள் கரடி பொம்மை இருந்தது. குழந்தை ஒலி வந்த பக்கம் திரும்பினால் விளக்கு எரிந்து கரடி மேளம் அடிக்கும். மற்ற குழந்தைகள் அதற்காகவே திரும்பும். வண்டு வந்த நாளிலிருந்து அந்தக் கரடிக்கு வேலையில்லை.

கண்ணாடிக்கு அப்பால் மேடம் ஒவ்வொரு முறையும் தலையை இடவலமாக ஆட்டினார். ஒருமுறை அவள் தன் உள்ளங்கையைத் தரையில் வைத்திருந்தபோது தரையே அதிர்ந்தது. அவ்வளவு பெரிய சத்தம். வண்டுவின் தலை அசையவில்லை.

மேடம் கருவியை நோக்கிக் குனிந்தார். அடுத்து சின்ன ஒலிகள், பெயருக்கு, முறைப்படி. அவ்வளவுதான், முடியப்போகிறது.

அப்போது வண்டு எழுந்து நேராக அவளிடம் வந்தாள். அவள் காதிலிருந்த ஹெட்ஃபோனில் நெற்றியை வைத்தாள். ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு இரண்டு கையாலும் அதைப் பிடுங்கித் தன் தலைமேல் கவிழ்த்துப் பார்த்து, வேண்டாமென்று கீழே போட்டாள்.

ஹெட்ஃபோன் கழன்றால் உடனே மாட்டிக்கொள்ள வேண்டும். அவள் கை அதைத் தேடிப் போனது. பாதியில் நின்றது.

மழை நின்ற அறையில் முதன்முறையாக வண்டுவின் முனகல் அவளுக்குக் கேட்டது.

அந்த அறையில் அனுப்பும் ஒலிகள் நேராக வராது, லேசாக நடுங்கிக்கொண்டே வரும். அப்போதுதான் மூலையில் தேங்காமல் அறை முழுக்கப் பரவும். மெல்லிய ஒரு ஒலி நடுங்கியபடி வந்தது. வண்டுவின் முனகலும் நடுங்கியது. ஒலி நின்றது. முனகல் நேரானது, கோடு போட்ட மாதிரி. மறுபடி ஒலி. மறுபடி நடுக்கம். அதே வேகத்தில், அதே அலையில்.

அவள் எழுந்தாள்.

நடுவில் எழுந்து வெளியே போகக் கூடாது. போனாள். கட்டுப்பாட்டு அறைக் கதவைத் திறந்தபோது மேடம் அறிக்கையை எழுத ஆரம்பித்திருந்தார்.

"மேடம்."

"என்ன, பாப்பாவுக்கு பாத்ரூமா?"

"இல்ல மேடம். அவ... பாடறா."

"தெரியும். அதனாலதான் ஸ்பீக்கரையே அணைச்சு வெச்சிருக்கேன். முதல் தடவை வந்தப்பவே தலைவலி வந்துடுச்சு."

அவள் அப்போதுதான் கவனித்தாள். அறைக்குள்ளிருக்கும் மைக்கிலிருந்து இங்கே சத்தம் கொண்டுவரும் ஸ்பீக்கரின் குமிழ் பூஜ்யத்தில் இருந்தது. தலை திரும்புகிறதா என்று பார்க்கக் கண் போதுமே. ஆக, அறைக்குள் மூன்று பேருக்கு மழை. வெளியே மேடத்துக்கு நிசப்தம். வண்டு முனகியதை ஒலி வரும் நேரத்தில் உலகத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"நம்ம டோன் நடுங்கறப்போ அவளும் நடுங்கறா மேடம். அது நின்னா நடுக்கத்த நிறுத்தறா. சுருதி சேக்கறா." அவள் இவ்வளவு நீளமாகப் பேசி மேடம் பார்த்ததில்லை.

மேடம் பேனாவை வைத்தார். "நடுங்கறது நம்ம டோன். அவ பாட்டுக்கு ஏதோ முனகறா. ரெண்டும் ஒண்ணா வந்து உன் காதுல விழுது. பாலையும் தண்ணியையும் கலந்து ஊத்தினா பிரிச்செடுக்க நீ என்ன அன்னப்பறவையா?"

நியாயமான கேள்வி. ஆனால் சொன்னவரே கையை நீட்டி ஸ்பீக்கர் குமிழைத் திருகினார்.

"ம்ம்ம்ம்ம்" என்று வண்டு அறையை நிறைத்தாள்.

மேடம் ஆயிரத்தை அழுத்தினார். நொடிக்கு ஆயிரம் அதிர்வு என்று கணக்கு. பிறகு இரண்டாயிரம், இன்னும் கீச்சென்று. பிறகு கனமான ஐந்நூறு. பிறகு நாலாயிரம். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். முனகல் இருந்த இடத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை.

"பாத்தியா? நான் எதைப் போட்டாலும் அவ ஒரே பாட்டத்தான் பாடறா. கேட்டிருந்தா மாறியிருக்கணும்ல?" மேடத்தின் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. "போ. போய் கருவிய எடுத்து வை. அந்த மனுஷன் புதுச் சட்டை போட்டுட்டு வந்திருக்கார்."

அவள் திரும்பி நடந்தாள். நடுக்கத்தைக் கேட்டோமே, அது பொய்யா? கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"பூனை! நில்லு!"

மேடம் பொத்தான்களையே முறைத்துக்கொண்டிருந்தார். விரல் ஒவ்வொன்றாகத் தொட்டது. "ஐந்நூறு... ஆயிரம்... ரெண்டாயிரம்... நாலாயிரம்." நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். "எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ரெட்டை! மேல் ஸா, கீழ் ஸா, அதுக்கும் மேல் ஸா! அட, இத்தனை வருஷமா எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஸ்வரத்தத்தான் வாசிச்சிட்டிருக்கேனா நான்?"

அவள் ஓடி வந்தாள். ஆமாம். அதிர்வு இரட்டிப்பானால் ஸ்வரம் மாறாது, உயரம்தான் மாறும். ஆண் பாடும் அதே ஸ்வரத்தைக் குழந்தை மேலே பாடுவதுபோல. முதலில் வந்த ஆயிரத்தோடு வண்டு சுருதி சேர்ந்திருந்தால் பிறகு வந்த எதற்கும் அவள் மாற வேண்டியதே இல்லை. எல்லாவற்றுக்கும் அவள் சரியாகவே பாடியிருப்பாள்!

"அப்போ நடுவுல இருக்கறதப் போடுங்க மேடம்!"

"எழுநூத்தி ஐம்பது." மேடம் தேடினார். பொத்தான் இருந்தது. வழக்கமான சோதனையில் அதற்கு வேலையில்லாததால் அதன்மேல் எழுத்து மட்டும் தேயாமல் புதிதாக இருந்தது. விரல் அதன்மேல் போய், அழுத்தாமல் நின்றது. "இரு. எனக்கே ஆசை வந்துடுச்சு. ஆசை வந்த காது இல்லாததையும் கேக்கும். உன் காதும் வேண்டாம், என் காதும் வேண்டாம். வேற ஏதாவது வேணும்."

அவள் போனை எடுத்தாள். கல்லூரிக் கடைசி வருடத்தில் கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றித் தட்டி அளப்பதற்காக ஒரு ஆப் இறக்கியிருந்தாள். சத்தத்தைக் கேட்டு அது எத்தனை அதிர்வு என்று எண்ணாகக் காட்டும். அழிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டிருந்தாள்.

"மேடம், டோனைச் சின்னதா வைங்க. ரொம்பச் சின்னதா. போன் வண்டு வாய்க்குப் பக்கத்துல இருக்கும், அதனால இதுல அவ முனகல்தான் விழும், உங்க டோன் விழாது. நான் ஹெட்ஃபோன் போட்டுக்கறேன். எனக்கு ரெண்டும் கேக்காது. எண் ஏறினா விரல மேல காட்டறேன், இறங்கினா கீழ."

"நான் எப்ப மாத்தறேன்னு உனக்குத் தெரியாது" என்றார் மேடம். "சில தடவை மாத்தறமாதிரி குனிஞ்சு சும்மா இருப்பேன். ஏமாந்து விரல நீட்டாத." அவர் கண்கள் பளபளத்தன. "ஓடு!"

அறைக்குள் அப்பா ஒரு காதுப்பக்கம் ஹெட்ஃபோனை விலக்கினார். "என்ன தங்கச்சி, ஏதாவது தப்பா?"

"ஒரே ஒரு நிமிஷம் சார்" என்றாள். அவர் மறுபடி மாட்டிக்கொண்டார்.

அவள் மழைக்குள் போனாள். போனை வளையங்களுக்கு நடுவே, வண்டுவின் மோவாய்க்குக் கீழே சாய்த்து வைத்தாள். எண் தெரிந்தது. இருநூற்று ஐம்பது. ஆயிரத்தில் பாதி ஐந்நூறு, அதில் பாதி. அப்படியே நின்றது. மேடம் குனிந்தார். இருநூற்று ஐம்பது. மறுபடி குனிந்தார். இருநூற்று ஐம்பதுதான். ஒன்றுமில்லை போல. அன்னப்பறவையும் இல்லை, வெறும் பூனைதான்.

வண்டு மூச்செடுத்தாள்.

முந்நூற்று எழுபது. எண்பது. எழுபது. எண்பது. எண் நடுங்கியது, நடுவில் முந்நூற்று எழுபத்தைந்தைச் சுற்றி.

அவள் விரலை மேலே நீட்டினாள். ஆனால் எழுநூற்று ஐம்பது வரவில்லையே என்று ஒரு கணம் குழம்பினாள். பிறகு கணக்கு உறைத்தது. பாதி! தன் தொண்டைக்கு ஏற்றபடி பாதியாக்கி எடுத்துக்கொண்டிருக்கிறாள்!

எண் இருநூற்று ஐம்பதுக்கு இறங்கியது. விரலைக் கீழே காட்டினாள். நின்றது, காட்டவில்லை. ஏறியது, காட்டினாள். இறங்கியது. ஏறியது. கண்ணாடிக்கு அப்பால் மேடம் நாற்காலியின் நுனிக்கு வந்தார். பிறகு எழுந்தே நின்றுவிட்டார். நின்றுகொண்டே பொத்தான்களை அழுத்தினார். ஆயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் என்று என்னவெல்லாம் அனுப்பினாரோ, ஒவ்வொரு முறையும் சத்தத்தின் அளவை இன்னும் இன்னும் குறைத்தாரோ, அவளுக்கு அதெல்லாம் தெரியாது. அவளுக்கு எண்தான் தெரியும், விரல்தான் தெரியும். அவள் விரல் ஏறி இறங்குவதை அப்பாவும் அம்மாவும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டு மட்டும் யாரையும் பார்க்கவில்லை. வளையத்தைச் சுழலவிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. மேடம் உள்ளே வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

"பதினஞ்சு!" என்று கத்தினார். "பதினஞ்சு டெசிபல்! ஒரு தடவகூட தப்பு இல்ல! சும்மா இருந்தப்போ சும்மா இருந்தா, மாத்தினப்போ மாறினா! அடியே பூனை, பதினஞ்சுடி!"

வண்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். மேடம் சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றினார். "என்னம்மா இது? ஏலம் யார் பேருக்கு முடிஞ்சுது?"

"உங்க பொண்ணுக்குக் காது கேக்குது" என்றார் மேடம், இப்போது குசுகுசுவென்று. "நல்லா கேக்குது. ரொம்ப, ரொம்ப நல்லா கேக்குது."

அம்மா மகளைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். "அப்போ அந்த ட்ரையர் மெஷின்..."

"கேட்டுதான் பாடியிருக்கா."

"இருங்க, இருங்க" என்றார் அப்பா. "போன தடவை காது கிழியற மாதிரி சத்தம் விட்டீங்க. இவ அசையல. நான் சந்தைல கத்தற மாதிரி காதுகிட்டயே கத்தியிருக்கேன். திரும்பல. இன்னைக்கு விரல ஆட்டிட்டு கேக்குதுன்னா நான் என்ன புரிஞ்சுக்கறது? என் கண்ணால, என் காதால பாக்காம நம்ப மாட்டேன்."

"கேக்கறது வேற, திரும்பறது வேற. பாருங்க" என்றார் மேடம். அந்த மாதிரி சவாலுக்காகவே காத்திருந்தவர்போல வெளியே ஓடினார்.

அப்பா ஹெட்ஃபோன் இல்லாமல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அம்மாவும். அவளும் இந்த முறை வெறும் காதோடு. வண்டு ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தாள். திடீரென்று முனகல் மேலே தாவியது, நடுங்கியது.

"மாறிட்டா!" என்றார் அப்பா. "ஆனா டாக்டரம்மா இன்னும் ஒண்ணும் போடலயே?"

"போட்டாச்சுங்க" என்றார் அம்மா.

"எங்க?"

"இதோ, கொசு மாதிரி. கேக்கல?"

அப்பா தலையைச் சாய்த்தார். காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்தார். வண்டு இறங்கினாள். "இப்ப நின்னுடுச்சு" என்றார் அம்மா. வண்டு ஏறினாள். "இதோ மறுபடி."

"எனக்கு ஒண்ணுமே வரலயே!"

"அந்தக் காது மெஷின வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க மேடம்" என்று அம்மா கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். "ஆள் இங்கயே இருக்கார்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அதை அடக்கப் போய் மறுபடி சிரிப்பாக வந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. அப்பாவும் சிரித்தார். ஆனால் அவருடைய சிரிப்பு சீக்கிரம் நின்றது.

மேடம் திரும்பி வந்து கீழே உட்கார்ந்தபோது அப்பா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் கூப்பிட்டதெல்லாம் கேட்டிருக்கு."

கைகளை மறுபடி சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"தினமும் சந்தையிலேர்ந்து வந்து வாசல்ல நின்னு கூப்பிடுவேன். வண்டு, அப்பா வந்துட்டேன்னு. கேட்டிருக்கு. கேட்டும்..." அவர் முடிக்கவில்லை. "செவிடுன்னா எனக்குக் கஷ்டமில்ல டாக்டரம்மா. மெஷின் மாட்டினா தீர்ந்துச்சு. இதுக்கு எதை மாட்டறது?"

"இதுக்கு மாட்டறதுக்கு எதுவும் இல்ல" என்றார் மேடம். "அந்த டாக்டர் சொன்னதுதான். அதுக்குன்னு வழி இருக்கு, கத்துக்கொடுக்கறவங்க இருக்காங்க. நீளமான வழி. ஆஸ்பத்திரி சோதனைக்கும் நான் எழுதித் தரேன், அதுவும் பாத்து உறுதி பண்ணிக்கணும். ஆனா இன்னைக்கு அந்தக் கருவிய நான் மாட்ட மாட்டேன். மாட்டியிருந்தா..." அவர் வண்டுவைப் பார்த்தார். சற்றுமுன் காதைப் பொத்திய கைகளில் இப்போது வளையம் இருந்தது. "கொசு கேக்கற காதுல நான் இடிய விட்டிருப்பேன். கையெழுத்துப் போட எடுத்த பேனா இன்னும் மேசைமேலதான் இருக்கு."

அப்பா தலையசைத்தார். புரிந்தது, ஆனால் தேறவில்லை. புதுச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இருந்தாலும் உள்ளே இருந்த குதியாட்டம் அடங்க மறுத்தது. அது நாக்கைப் பிடித்து இழுத்தது.

"சார், இவ்வளவு நேரம் நாங்க அனுப்பின ஒவ்வொண்ணுக்கும் அவ பதில் சொல்லியிருக்கா. ஒண்ணுகூட விடல. நாங்க தலையத் திருப்புவாளான்னு பாத்துட்டே இருந்தோம், அவ தொண்டையால சொல்லிட்டே இருந்திருக்கா. நீங்களும் கூப்பிடாதீங்க சார். முனகிப் பாருங்க."

"முனகறதா?" அவர் விழித்தார். "நான் ஏலக்காரன், தங்கச்சி. முனகினா மீன் நாறிப்போகும்."

"மெதுவா சார். உதட்ட மூடிட்டு."

"எனக்குப் பாட்டு வராதும்மா."

"அதுதான் தெருவுக்கே தெரியுமே. முனகுங்க" என்றார் அம்மா.

அவர் உதட்டை மூடினார். சந்தையில் கரகரத்துப்போன தொண்டையிலிருந்து, பழைய மோட்டார் கிளம்புவதுபோல ஒரு சத்தம் வந்தது. தடுமாறியது. நின்றது. மறுபடி கிளம்பி, எங்கோ அடியில் ஒரு இடத்தில் நிலைத்தது.

வண்டு வளையத்தைச் சுழலவிட்டாள். அவரைப் பார்க்கவில்லை.

வளையம் சாய்ந்து விழுந்தது. அவள் முனகல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இன்னும் கொஞ்சம். அவருடைய ஸ்வரத்துக்கு நேர் மேலே, அதன் இரட்டையில் வந்து உட்கார்ந்தது. இரண்டும் பொருந்திய கணத்தில் அந்தச் சின்ன அறையின் சுவர்கள்கூட ஒருமுறை 'ங்ங்' என்றதுபோல இருந்தது.

அப்பாவின் கண்கள் விரிந்தன. உதட்டைத் திறக்காமலே அம்மாவின் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். சுருதியைக் கொஞ்சம் ஏற்றினார். வண்டு ஏறினாள். இறக்கினார். இறங்கினாள். வேண்டுமென்றே கோணலாக வளைத்தார். அவளும் அதே கோணலை அப்படியே வளைத்தாள். மேடம் ஒற்றைச் செருப்போடு எழுந்து சுவரில் சாய்ந்து, இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் அவருக்கு மூச்சு முட்டியது. நிறுத்திவிட்டு வாயைத் திறந்து காற்றை இழுத்தார்.

வண்டு நிறுத்தவில்லை. அவர் விட்ட இடத்தில் கொஞ்ச நேரம் தனியாக நின்றாள். பிறகு, யாரும் எதையும் அனுப்பாமல், தானாக மேலே போனாள். ஒரு புது இடத்துக்கு. அங்கே நிறுத்தி நின்றாள். சட்டென்று விட்டாள்.

அறை அமைதியாக இருந்தது. வண்டு இங்கே வந்த நாளிலிருந்து இப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. வண்டு கையில் வளையம் இருந்தது. அதைச் சுழலவிடவில்லை.

"என்னாச்சு? ஏன் நிறுத்திட்டா?" என்றார் அப்பா, மூச்சு வாங்கியபடி.

"காத்துட்டிருக்கா சார்!" அவள் முழங்காலில் எழுந்துவிட்டாள். தன் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று அவளுக்கே தெரியாது. "இந்தத் தடவை அவ கொடுத்திருக்கா. நீங்க பிடிக்கணும். சீக்கிரம்!"

அவர் அவசரமாக உதட்டை மூடினார். மேலே போனார். இன்னும் மேலே. கழுத்து நரம்பு புடைத்தது, தொண்டை பிசிறியது. "இன்னும் மேல, இன்னும்!" என்று அம்மா கிசுகிசுத்தார். அவருக்கு எட்டவில்லை.

வண்டு அதைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கொடுத்தாள்.